பாட்டு வராத ஹெட்போன்

1

கறித் தொழிற்சாலையின் பின்வாசலைத் தாண்டி, கால்வாய்க் கரைப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். தூறல் நிற்பதாக இல்லை. கம்பெனி பூட்ஸ், வெள்ளைக் கோட்டு, தொப்பி மூன்றையும் கழற்றிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. காலில் இருந்தது பழைய துணி ஷூ. பாதி வழியிலேயே ஊறிவிட்டது. வீட்டுக்கு நாலு கிலோமீட்டர். அந்த நேரத்தில் பஸ் கிடையாது.

அயர்லாந்தின் நடுவில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. மனைவி இங்கே நர்ஸ். அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். ஒன்பதாம் வகுப்பில் ஃபெயிலாகித் திண்டுக்கல்லிலிருந்து கிளம்பியவன், திருப்பூரில் சாயப்பட்டறை, மும்பையில் கேன்டீன், கத்தாரில் சாரம் கட்டுவது, மாலத்தீவில் ஓட்டல் பாத்திரம் என்று சுற்றி, கடைசியில் மாட்டுக்கறி நகரும் பெல்ட்டின் ஓரத்தில் வந்து நின்றேன். எந்த வேலையிலிருந்தும் யாரும் என்னைத் துரத்தியதில்லை. நானாகத்தான் வெளியே நடந்திருக்கிறேன்.

அன்றைக்குக் காரணம் அப்பா. அவர் இறந்து ஒரு வருடம் நிறையப் போகிறது, நினைவுத் திருப்பலிக்கு ஊருக்குப் போக வேண்டும், மூன்று வாரம் லீவு வேண்டும் என்று கேட்டேன். மேனேஜர் ஒரு வாரம் தருவதாகச் சொன்னார். போக வரவே நாலு நாள் ஆகிவிடும். நன்றி சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றினேன்.

பாலத்துக்கு அடியில் ஒதுங்கியபோது அக்கா போன் செய்தாள். ஸ்டெல்லா டீச்சர் என்றால் எங்கள் தெருப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அப்பா தலைமையாசிரியராக இருந்த அதே ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு நடத்துகிறாள்.

"ஏலே ஜேம்ஸ், லீவு கெடச்சுச்சா?"

"வேலையவே விட்டுட்டேன்க்கா. நடந்து போயிக்கிட்டு இருக்கேன்."

"நல்லதாப் போச்சு."

நான் வேலையை விட்டதை அக்கா நல்லது என்று சொன்னது அதுவே முதல் தடவை. என்ன விஷயம் என்று கேட்டேன்.

"வந்து என் கிளாசுல உக்காரு. தர்ஷினின்னு ஒரு பிள்ளை. கடிக்கிறா, அடிக்கிறா, கேட்டுக்கு ஓடுறா. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங். அன்னைக்கு டிசி குடுத்து அனுப்பச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. ஏற்கெனவே ரெண்டு பள்ளிக்கூடம் பாத்துட்டு வந்த பிள்ளை. இங்கருந்தும் போனா வீட்டோடதான்."

"நான் அனுப்புன சாமானெல்லாம் குடுத்துப் பாத்தியா?"

அக்கா போனை வைத்துவிட்டாள். மழையில் லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

2

அப்பாவின் இரண்டாவது நினைவு நாள் அடுத்த வாரம் வருகிறது. இந்த முறை போக முடியவில்லை. மனைவிக்கு டியூட்டி, மகளுக்குப் பரீட்சை. அதனால்தான் சென்ற வருடத்து வெள்ளிக்கிழமையை உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

மகள் நிவேதாவுக்குப் பதிமூன்று வயது. காலையில் தோசையை ரொட்டி மாதிரி சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சில நாள் அதுவும் இல்லை, தோள்பட்டை மட்டும் ஏறி இறங்கும். வருத்தப்பட்டதுண்டு. இப்போது குறைந்திருக்கிறது.

ஆறு வயதில் இவளும் கடித்தாள். இங்கே பள்ளியில் சேர்த்த மூன்றாவது வாரம், பக்கத்தில் இருந்த பையனின் தோளில். கூட்டத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கூடவே பன்னிரண்டு பக்கப் படிவம். குழந்தை எதற்கெல்லாம் பயப்படும், எந்தச் சத்தம் பிடிக்காது, எந்தத் துணி உறுத்தும் என்று கேள்விகள். பெற்ற பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அரைப் பக்கத்துக்குக்கூட வரவில்லை. துரத்தப் போகிறார்கள் என்று முடிவு செய்து, அவளுடைய சாப்பாட்டு டப்பா, மழைக்கோட்டு எல்லாவற்றையும் எடுத்து வருவதற்கு ஒரு காலிப் பையோடு போனேன்.

கூட்டத்தில் அவளுடைய டீச்சரிடம் நான் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னேன். அவள் அட்ஜஸ்ட் செய்துகொள்வாள், கொஞ்ச நாளில் அட்ஜஸ்ட் செய்துகொள்வாள். நம் ஊரில் எங்கே நின்றாலும் அந்த வார்த்தை செல்லும். அந்த டீச்சருக்குப் புரியவில்லை. அவள் எதற்காக மாற வேண்டும், நாங்கள் வகுப்பை மாற்றிப் பார்க்கிறோம் என்றார். பிறகு, கடிப்பதற்கு முந்தின நிமிடம் என்ன நடந்தது என்று கேட்டார். என் பள்ளி வாழ்க்கையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்பதை மட்டும்தான் பிரம்பு சொல்லிக்கொடுத்தது.

அவளுக்குச் சத்தத்தைக் குறைக்கும் காதுமூடி கொடுத்தார்கள். நேரம் குறையக் குறையச் சிவப்பு வட்டம் சுருங்கும் கடிகாரம் ஒன்று. படத்தைத் தொட்டால் பேசும் டேப்லெட் ஒன்று. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளுக்கு அவை எதுவும் தேவைப்படவில்லை. தர்ஷினியைப் பற்றி அக்கா முதலில் சொன்னபோது, மூன்றும் புதிதாக வாங்கிப் பார்சலில் அனுப்பினேன். பாலத்தடியில் அக்கா பேசியபோது அது நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

3

ஊருக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் நினைவுத் திருப்பலி முடிந்தது. திங்கள் காலை அக்காவோடு பள்ளிக்குப் போனேன்.

அலுவலக அறையில் ஒரு கண்ணாடி பீரோ. மேல்தட்டில் விளையாட்டுக் கோப்பைகள், அதற்குக் கீழே நான் அனுப்பிய மூன்று பொருளும். கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை. முன்னால் அழகான கையெழுத்தில் ஓர் அட்டை: அன்பளிப்பு, அயர்லாந்து. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தலைமையாசிரியை சிஸ்டர் அமலா நல்ல மனுஷி. நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, பிறகு விளக்கினார்.

"ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு தம்பி. ஏத்துன பொருள் உடைஞ்சா யாரு உடைச்சா, எப்ப உடைச்சான்னு எழுதி மேல அனுப்பணும். அந்தப் பிள்ளை கையில குடுத்தா ஒரு நாள் தாங்குமா?"

"உடையட்டும்னுதான் சிஸ்டர் அனுப்புனேன்."

சிரித்தார். சாவி வரவில்லை. "இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவங்களுக்கெல்லாம் காட்டுனோம். ரொம்பப் பாராட்டுனாங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் கத்தாரிலிருந்து கொண்டுவந்த சென்ட் பாட்டில் எங்கள் வீட்டு ஷோகேஸில் பதினைந்து வருடமாக நிற்கிறது. அம்மா அதன் அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த சாமானைப் புழங்க நம் கை கூசுகிறது. அது போதாதென்று டேப்லெட் சார்ஜரின் கனத்த மூன்று முள் நம் ஊர் சுவரில் எந்தத் துளையிலும் நுழையாது. அதை நான் அனுப்பும்போது யோசிக்கவில்லை.

சாவிக்காக நாலு நாள் வாதாட நேரமில்லை. "வகுப்புல உக்கார மட்டும் விடுங்க சிஸ்டர்" என்றேன். அதற்குப் பதிவேடு எதுவும் கிடையாது. சரி என்றார்.

4

மூன்றாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் என் முழங்கால் மடங்கவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த ஒருத்தி திரும்பினாள். வலது முன்கையில் பிளாஸ்திரி.

"சார், நீங்க ஃபெயிலா?"

"ஆமா."

"எத்தனாவதுல?"

"ஒம்பதாவதுல."

"அப்ப ஏன் சார் மூணாவதுல உக்காந்திருக்கீங்க?"

அவள் பெயர் ஜமீலா. பிளாஸ்திரிக்கு அடியில் இருந்தது தர்ஷினியின் பல் தடம். கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தது ஜமீலாவின் அத்தா, தோல் மண்டி வைத்திருக்கும் காதர் பாய்.

தர்ஷினி முதல் பெஞ்சில் இருந்தாள். எட்டு வயது, இரட்டைச் சடை. பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைதான். மதுரை டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சிறப்பாசிரியர் ஒருவர் மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறார். அவருக்கு இதுபோல எத்தனையோ பள்ளிக்கூடம்.

நான் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டேன். அயர்லாந்து டீச்சர் கேட்ட கேள்வியை மட்டும் எழுதினேன். முந்தின நிமிடம் என்ன? திங்களன்று இண்டர்வெல்லுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் பக்கத்துப் பெண்ணின் முடியைப் பிடித்து இழுத்தாள். செவ்வாய் அதே நேரம் கேட்டுக்கு ஓடினாள். இரண்டு நாளும் முந்தின நிமிடத்தில் ஒன்றுதான் இருந்தது: வாய்ப்பாடு.

நாற்பத்திரண்டு பிள்ளைகள், தலைக்கு மேலே தகரக் கூரை. ஆறாம் வாய்ப்பாட்டை அடித்தொண்டையில் ஒரே குரலில் கத்தினார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் நாலாம் வகுப்பு எட்டாம் வாய்ப்பாட்டை இதற்குப் போட்டியாகக் கத்தியது. கறித் தொழிற்சாலையில் ரம்பம் ஓடும்போதுகூட என் காது அப்படி அதிர்ந்ததில்லை. தர்ஷினி இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். அக்கா கையில் ஸ்கேலோடு வரிசையில் நடந்து வந்தாள். "கைய எடு. சொல்லு, ஆறாறு?" என்று கையைப் பிடித்துக் காதிலிருந்து இறக்கினாள். அந்தக் கை கீழே வந்த வேகத்தில்தான் அடுத்தவள் முடிக்குப் போனது.

பாடம் நடக்கும்போது காதைப் பொத்துவது டீச்சரை அவமதிப்பது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். அப்பா எத்தனை பேர் கையை அப்படி இறக்கியிருப்பார்! என் கையையும்தான்.

மதியம் நோட்டை அக்காவிடம் காட்டினேன். இரண்டு தரம் படித்தாள். சாப்பாட்டு டப்பா திறந்தபடி இருந்தது.

"அப்ப ஜமீலாவைக் கடிச்ச அன்னைக்கும்..."

"எனக்குத் தெரியாதுக்கா. நீதான் சொல்லணும்."

"நாந்தான் கையப் புடிச்சு இழுத்தேன்" என்றாள். டப்பாவை மூடினாள். கொஞ்சம் கழித்து, "வாய்ப்பாட்ட நிறுத்த முடியாதுலே. கணக்கு வராது" என்றாள்.

"நீ நிறுத்த வேணாம். அவளுக்குக் கேக்காமப் பண்ணுவோம்."

5

தர்ஷினியின் அம்மா முத்துலட்சுமி நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் முடிந்து மகளைக் கூட்டிப்போக வந்தவள், டிசி வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வாசலிலேயே நின்றாள். தலையில் பஞ்சுத் தூசி. நான் காதுமூடி என்றதும் பாதியிலேயே நிறுத்தினாள்.

"ஹெட்போன் மாதிரி பெருசா இருக்குமே, அதுவா சார்? மில்லுல எல்லாருக்கும் குடுத்திருக்காங்க. போட்டா சூப்பர்வைசர் கூப்புடுறது கேக்காதுன்னு நாங்க காதுல பஞ்சத்தான் வச்சுக்கிருவோம். வீட்டுல சும்மா கெடக்கு."

புதன் காலை அது வந்தது. மஞ்சள் நிறம். தர்ஷினி தலைக்குப் பெரிதாக இருந்தது. சடையின் மேல் கைக்குட்டையை மடித்து வைத்ததும் நின்றது. உடனே வகுப்பில் கலவரம். அவளுக்கு மட்டும் ஹெட்போனா, எங்களுக்கு எங்கே டீச்சர்? அக்கா தலைமையாசிரியர் மகள். நாற்பத்திரண்டு பேரையும் வரிசையாக நிற்க வைத்து ஆளுக்குப் பத்து எண்ணும் வரை போட்டுப் பார்க்க விட்டாள்.

"ஐயே, இதுல பாட்டே வரலை" என்றாள் ஜமீலா. அதோடு கலவரம் அடங்கியது.

கடிகாரத்துக்குப் பதில் இரண்டு தண்ணீர் பாட்டிலை வாயோடு வாய் வைத்து ஒட்டி, உள்ளே சலித்த மணல் போட்டேன். நாலு தடவை பிரித்து ஒட்டிய பிறகு மணல் சரியாக ஐந்து நிமிடத்தில் இறங்கியது. சத்தம் தாங்காதபோது தர்ஷினி அதை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய், மணல் இறங்கியதும் திரும்பி வரலாம். பேசும் டேப்லெட்டுக்கு, மூலை உடைந்த என் பழைய போன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மொபைல் கடைக்காரர் இலவச ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். அதில் நாலு படம்: தண்ணீர்ப் பானை, பாத்ரூம் கதவு, காதைப் பொத்தும் கை, வராந்தா. தொட்டால் ஒவ்வொன்றும் பேசும். அக்கா தன் குரலைப் பதிவு செய்தாள்.

தர்ஷினி ஒரு படத்தைத் தொட்டாள். அக்காவின் குரல் வந்தது. போன் பறந்துபோய்க் கரும்பலகையில் மோதியது.

அன்று வியாழக்கிழமை. கூட்டத்துக்கு முன்னால் வேறு நாளே இல்லை. போனைப் பொறுக்கிக்கொண்டு நின்றேன். ஜமீலாதான் எழுந்தாள்.

"டீச்சர், ஒங்க குரலு திட்டுற மாதிரியே இருக்கு. நான் பேசட்டா?"

அக்கா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஜமீலா வராந்தாவில் நின்று நாலையும் பேசிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் தர்ஷினி தண்ணீர்ப் பானையைப் பதினேழு தடவை தொட்டாள். ஜமீலா பதினேழு தடவை டம்ளரோடு போனாள்.

வீட்டுக்கு வந்து நிவேதாவுக்கு வீடியோ கால் போட்டேன். சுரத்தில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், மணல் பாட்டிலைக் காட்டியதும் கேமராவுக்குப் பக்கத்தில் வந்தாள். அத்தையிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். தேடித் தேடி, தமிழிலேயே பேசினாள்.

"அத்தை, அவ வெளிய போறப்போ யாரும் பாக்காதீங்க. எல்லாரும் பாத்தாங்கன்னா... அதுதான் ரொம்பக் கஷ்டம். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

ஆறு வருடத்தில் எங்களிடம் அவள் இதைச் சொன்னதில்லை.

6

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வகுப்பறை நிரம்பிவிட்டது. பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் அமலாவின் மேசையில் டிசி புத்தகம். முத்துலட்சுமி அரை நாள் லீவு போட்டு வந்து, மகளோடு முதல் பெஞ்சு ஓரத்தில் ஒடுங்கியிருந்தாள்.

காதர் பாய் எழுந்தார். தோல் மண்டியில் ஏலம் கூறிக் கூறி அவருக்கு மெதுவான குரல் என்று ஒன்று கிடையாது. "சிஸ்டர், அந்தப் பிள்ளை மேல எனக்குக் கோவமில்ல. அதுவும் பச்சப் புள்ளதான். ஆனா எம்மக கையில நாலு பல்லு எறங்கிருக்கு. நாளைக்குக் கண்ணுல கிண்ணுல பட்டா யாரு பதில் சொல்றது?"

"அதானே" என்றது ஒரு குரல். அவ்வளவுதான், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். தகரக் கூரை பதிலுக்குக் கத்தியது. வாய்ப்பாட்டைவிட மோசம்.

தர்ஷினி முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள். காதுமூடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். போதவில்லை. அதன் மேலேயே இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். முத்துலட்சுமி அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். அக்கா தலையை அசைத்துத் தடுத்தாள். "எல்லாரும் செத்த நேரம் கரும்பலகையப் பாருங்க. அவளப் பாக்காதீங்க" என்றாள். அந்தக் கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. அவள் அந்த நேரத்தில் யாரையாவது கடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

தர்ஷினியின் ஒரு கை கீழே வந்தது. கழுத்தில் தொங்கிய போனுக்குப் போனது.

"சத்தம் தாங்கலை."

முழுச் சத்தத்தில் வைத்திருந்தேன். சின்னப் பிள்ளைக் குரல் மணி மாதிரி வந்தது. முன்வரிசையில் பேச்சு நின்றது, பிறகு பின்வரிசையிலும். அவள் இன்னொரு படத்தைத் தொட்டாள்.

"செத்த நேரம் வெளிய இருந்துட்டு வாரேன்."

எழுந்தாள். மேசையிலிருந்த மணல் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஓடவில்லை. நடந்து, வாசலைத் தாண்டி, வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிலைத் தலைகீழாக வைத்தாள்.

காதர் பாய் மெல்ல மகள் பக்கம் திரும்பினார்.

"ஏலா ஜமீலா, அது ஒங்குரலுல்ல?"

"ஆமாத்தா. நாந்தான் பேசிக் குடுத்தேன்."

"ஒன்னையக் கடிச்ச பிள்ளைக்கா?"

"அவளுக்குக் காது வலிச்சுச்சுத்தா. அதச் சொல்லத் தெரியலை. இப்பத்தான் சொல்லத் தெரியுதுல்ல" என்றாள் ஜமீலா. பிறகு, "நீங்கதான் ரொம்பக் கத்துனீங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

பின்பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள். காதர் பாய் சிரிக்கவில்லை. உட்கார்ந்தார். அக்கா கையால் கரும்பலகையைக் காட்டினாள். அவர் வாசலைப் பார்க்காமல் அதைப் பார்த்தார். அவரைப் பார்த்து எல்லோரும் கரும்பலகையைப் பார்த்தார்கள். முப்பது பெரியவர்கள் ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் ஆறாம் வாய்ப்பாட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

மணல் இறங்கி முடிந்தது. தர்ஷினி பாட்டிலோடு வந்தாள், தன் இடத்தில் உட்கார்ந்தாள், படத்தைத் தொட்டாள்.

"தண்ணி வேணும்."

ஜமீலா எழுவதற்குள் காதர் பாய் தன் பாட்டிலின் மூடியைத் திருகிவிட்டார். கொண்டுபோய் நீட்டினார். குடித்தாள்.

"எங்க வீட்டுல நாலு அண்ணன் தம்பிக" என்றார் அவர், இந்த முறை அவருக்கு மெதுவான குரலும் இருந்தது. "எத்தன சண்ட நடந்திருக்கு. ஒருத்தனாச்சும் இம்புட்டு மரியாதையாச் சொல்லிட்டு வெளிய போனதில்ல சிஸ்டர். எங்கையெழுத்த அடிச்சிருங்க."

சிஸ்டர் அமலா டிசி புத்தகத்தை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். முத்துலட்சுமி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். எங்கள் வீட்டில் பாராட்டு என்றால் அதுதான்.

கூட்டம் கலைந்ததும் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"யூகேஜியில ஒரு பிள்ளை இருக்கு தம்பி. ஜூன் மாசத்துலருந்து மேசைக்கு அடியிலதான் உக்காந்திருக்கு. ஒங்களுக்கு ஊருக்குப் போக இன்னும் நாளிருக்குல்ல? நாளைக்கு நமக்கு ஸ்கூல் உண்டு. எட்டே முக்காலுக்கு வந்துருங்க."

"நான் ஒம்பதாவது ஃபெயில் சிஸ்டர்."

"தெரியும். ஒங்கப்பா அதச் சொல்லாத நாளில்ல. எட்டே முக்கால்."

7

சனிக்கிழமை எட்டரைக்கே போய்விட்டேன். சிஸ்டர் ஒரு புதுப் பதிவேட்டைத் திறந்து என் பெயரை எழுதினார். பதவி என்ற கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'உடன் இருப்பவர்' என்று எழுதி என் பக்கம் திருப்பினார். சம்பளம் கிடையாது, மதியம் சாப்பாடு உண்டு என்றார். வரும் இரண்டு வாரத்துக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

யூகேஜி வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பாயில் இருந்தார்கள். மூலை மேசைக்கு அடியில் இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. டீச்சர் எனக்கு நாற்காலி எடுக்கப் போனார். வேண்டாம் என்றேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, குனிந்து, மேசைக்கு அடியில் நுழைந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து என்ன கேட்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன்.